கருமுள் எழுத்தும் கண்ணாடிக் கடையும்

கண்ணாடிக்காரருக்கு முதல் அறை விழுந்தபோது காலை பத்தேகால் மணி. சும்மா சொல்லக் கூடாது, நல்ல அறை. இடது கன்னத்தில் விழுந்து வலது காதில் கேட்டது. அவர் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். கடையைத் திறந்துவிட்டு, எதிரே புதிதாக நட்டிருந்த அறிவிப்புப் பலகையைப் படிக்கப் பார்த்தார். பலகைக்குப் பக்கத்தில் நின்ற ஆள் தடியைச் சுவரில் பத்திரமாகச் சாய்த்துவிட்டு வந்து, கையால் அறைந்தான்.

"எதுக்குப்பா அடிக்கிற?"

"ரெண்டு நிமிஷத்துக்கு மேல பலகை முன்னால நிக்கக் கூடாது."

"அப்படின்னு எங்க போட்டிருக்கு?"

"பலகையிலதான்."

"அதைத்தானேப்பா படிச்சிட்டு இருந்தேன்!"

எதிர்த்துப் பேசியதற்கு இரண்டாவது அறை. கண்ணாடிக்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் போய் உட்கார்ந்தார். படித்த மனுஷன், ஊரில் பாதிப் பேருக்குக் கண் பார்த்தவர், ஒரு பலகையைப் படிக்க முடியவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தம். அறை அப்புறம்தான் வலித்தது.

இந்த வம்புக்கெல்லாம் மூலம் கருமுள். அது செடியில்லை, எழுத்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் பொது அறிவிப்புத் துறைக்கு ஒரு தலைமை இயக்குநர் வந்தார். வந்த அன்றைக்கே பழைய அறிவிப்புகளைப் பார்த்து முகம் சுளித்தார். ஊழியர்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார்.

"நம்ம எழுத்தைப் பாருங்க. வட்டம், சுழி, வளைவு! இதைப் பார்த்து எவனுக்காவது பயம் வருமா? உருண்டையா எழுதினா ஜனங்க உருட்டி விளையாடிட்டுப் போயிடுவாங்க. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? இனிமே நம்ம எழுத்தே அடிக்கணும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாத ஒருவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்து தட்டினார்.

அப்படிப் பிறந்தது கருமுள். எழுத்தில் இருந்த ஒவ்வொரு வளைவையும் உடைத்தார்கள். உடைத்த இடத்தில் முனை வைத்தார்கள். கோடெல்லாம் கடப்பாரைத் தடிமன். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தலைமுடி நுழைகிற இடைவெளி. சுழி இருந்த இடத்தில் சாய்த்து வெட்டிய கட்டை. புள்ளி என்பது எழுத்தின் மண்டையில் அடித்த ஆணி. அழகில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு சாராயப் புட்டியின் மேலோ, பத்திரிகையின் தலையிலோ, ரவுடியின் புஜத்தில் பச்சையாகக் குத்தியோ, ஒரே ஒரு சொல்லாக நின்றால் அதன் கம்பீரமே தனிதான். ஆனால் ஒரு சொல்லுக்கென்று பிறந்த எழுத்தில் பால் விநியோக நேரத்தையும், சாக்கடை அடைப்பையும், இரங்கல் செய்தியையும் பக்கம் பக்கமாக அச்சடித்தால் எந்த மனுஷன் படிப்பான்? தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே முள்வேலி. கிட்டப் போனாலும் முள்வேலிதான்.

அதில் மூன்று தடிமன் உண்டு. ஒன்றாம் தடிமனில் அச்சான அறிவிப்புக்குக் கை. இரண்டாம் தடிமனுக்குத் தடி. மூன்றாம் தடிமனுக்குக் கடப்பாரை. பலகைக்கு ஓர் ஆள் வீதம் போட்டார்கள். அந்தப் பதவிக்குப் பெயர் 'வாசிப்பு உதவியாளர்'. வாசிக்கத் தெரிய வேண்டும் என்று தகுதியில் போடவில்லை. தோள்பட்டை அகலம் மட்டும் போட்டிருந்தார்கள்.

பிறகு இரும்பிலும் வார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் வாசல் வளைவில் ஆளுயரக் கருமுள் எழுத்துகளை வரிசையாக மாட்டினார்கள். ஒவ்வொன்றும் எண்பது கிலோ. காய்ச்சலோடு வந்து கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஒரு கொத்தனார் மேல் அதில் ஓர் எழுத்து கழன்று விழுந்தது. முனை தோளில் இறங்கி எலும்பு முறிந்தது. துறை உடனடியாக நடவடிக்கை எடுத்தது. அரசுச் சொல்லைச் சிதைத்த குற்றத்துக்காக, முறியாத தோளில் பன்னிரண்டு அடி கொடுத்தது.

ஊர் என்ன செய்யும்? தனக்குத்தான் கண் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டது. சாரி சாரியாகக் கண்ணாடிக் கடைக்கு வந்தார்கள். கண்ணாடிக்காரர் எல்லோரையும் உட்கார வைத்து, சுவரில் தொங்கிய பழைய எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார். கடைசி வரி வரைக்கும் மடமடவென்று படிப்பார்கள். அவர் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்வார்.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. எழுந்து வீட்டுக்குப் போங்க."

வந்தவர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கண்ணாடிக்காரரின் மனைவிக்கு அதைவிடக் கோபம் வந்தது. கடைக்கு மேலேயே வீடு. கணவன் பேசுவதெல்லாம் அவளுக்குப் படிக்கட்டில் கேட்கும்.

"ஏங்க, ஊரே கண்ணாடி வேணும்னு வாசல்ல நிக்குது. வெறும் கண்ணாடியை மாட்டி அனுப்புனா யாருக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"நல்ல கண்ணை நொள்ளைன்னு இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்ல. இனிமேயும் சொல்ல மாட்டேன்."

"அப்ப நல்லா வாங்கிக் கட்டிக்கோங்க."

அவள் வாய்முகூர்த்தம் பலித்தது. கண்ணாடி தர மாட்டேன் என்று அவர் திருப்பி அனுப்பிய இறைச்சிக் கடைக்காரன் மறுநாள் காலை திரும்பி வந்தான். இடது கை முழங்கைக்குக் கீழே வேறு திசையில் தொங்கியது. வலது கையில் கடைக் கத்தி.

"நீ கண்ணாடி குடுத்திருந்தா நான் பலகையைப் படிச்சிருப்பேன். படிச்சிருந்தா அந்த வழியா போயிருக்க மாட்டேன். போகலைன்னா கை உடைஞ்சிருக்குமாடா?"

கேட்டுவிட்டுக் கண்ணாடி அலமாரியில் கத்தியைப் போட்டான். அலமாரி பொலபொலவென்று கொட்டியது. சட்டங்களைக் காலால் நசுக்கினான். தடுக்கப் போன கண்ணாடிக்காரரின் நெற்றியில் கத்தியின் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டான். ரத்தம் புருவத்தில் வழிந்து கண்ணை மறைத்தது. படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்த மனைவி ஷட்டரை இழுக்கிற இரும்புக் கொக்கியை எடுத்து, ஏற்கெனவே உடைந்திருந்த கையிலேயே ஒன்று வைத்தாள். அவன் போட்ட அலறலில் தெரு முழுக்கக் கூடிவிட்டது.

கண்ணாடிக்காரர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, தொண்டை கிழியக் கத்தினார். "யாருக்கும் கண்ணுல கோளாறு இல்லைய்யா! எழுத்துலதான்யா கோளாறு!"

தெரு சட்டென்று காலியாயிற்று. இப்படிப்பட்ட பேச்சைக் காதால் கேட்டவனுக்கும் அடி உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால், ஷட்டரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூன்றாம் தடிமன். தாள் முழுக்க ஒரே கறுப்பு. வெள்ளை எங்கே என்று தேட வேண்டும். மனைவி மார்பில் கை வைத்தபடி நின்றாள்.

"என்னங்க போட்டிருக்கு?"

"தெரியலையே."

"கண்ணு டாக்டர் மாதிரி ஊருக்கெல்லாம் பார்க்கிறீங்க, நம்ம வீட்டு வாசல்ல ஒட்டினது தெரியலையா?"

அவளுடைய தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் வாசிப்பு உதவியாளர்களில் ஒருவன். கடப்பாரைக் குழுவுக்குப் போன மாதம்தான் பதவி உயர்வு பெற்றிருந்தான். வந்து தாளைப் பார்த்தவன் முகம் வெளிறிவிட்டது.

"மாமா, மூணாம் தடிமன். ஏழு நாள் கெடு. வர்ற வியாழக்கிழமை இடிக்க வருவோம்."

"இடிக்கணும்னா போட்டிருக்கு? படிச்சுச் சொல்லு மாப்ளே."

"எனக்குப் படிக்கத் தெரியாது மாமா. தடிமனை அளக்கத்தான் பயிற்சி குடுத்தாங்க." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்துக் காட்டினான். "இவ்வளவு இருந்தா இடி. அவ்வளவுதான்."

"நீயும் வருவியாடா?" என்று அக்கா கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "வராட்டி என்னை இடிப்பாங்கக்கா."

அந்தக் கடையின் ஒவ்வொரு செங்கல்லும் கண்ணாடிக்காரரும் மனைவியும் நின்று வைத்தது. அது போனால் தெருதான். சேதி என்னவென்று தெரிந்தால் காலிலாவது விழலாம், எதற்கு விழுகிறோம் என்று தெரிந்து விழலாம். நேராகத் துறைக்கே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினார்.

துறையில் ஐந்து சன்னல்கள். வரைவுப் பிரிவு, தடிமன் பிரிவு, முனை சீவும் பிரிவு, ஒட்டும் பிரிவு, உதைக்கும் பிரிவு. படித்துச் சொல்லும் பிரிவு என்று ஒன்று இல்லை. ஒரு சன்னலுக்குப் போனதற்கு அடையாளம் காட்டினால்தான் அடுத்த சன்னலில் பேசுவார்கள். அடையாளம் என்பது இரும்பு முத்திரை. மனுதாரரின் முன்கையில் சுத்தியலால் அடிப்பார்கள். மை கிடையாது. வீக்கம்தான் அடையாளம்.

வரைவுப் பிரிவில் நாற்காலி காலியாகக் கிடந்தது. வாசலில் நின்ற சேவகன் ஒரு முத்திரை மட்டும் அடித்து அனுப்பினான். தடிமன் பிரிவில் ஒரு குமாஸ்தா பேசினார். நல்ல மனுஷன்தான், அடித்துவிட்டு ஊதியும் விட்டார்.

"அச்சானதை யாராலும் படிக்க முடியாதுங்க. கையால எழுதின வரைவைக் காட்டுங்க, போதும்," என்றார் கண்ணாடிக்காரர்.

"வரைவை எரிச்சிடுவோம்."

"ஏங்க எரிக்கிறீங்க?"

"கருமுள்ளுல ஏறின சேதி உருண்டை எழுத்துல இன்னொரு இடத்துல இருக்கலாமா? கருமுள்ளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! அச்சடிச்ச கையோட எரிக்கணும். விதி பதினொண்ணு."

"சரி, எழுதினவரையாவது கேக்கலாமா?"

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "அவர் ஒரு நாளைக்கு இருநூறு எழுதுவார், எதுவும் ஞாபகம் இருக்காது. போன வாரம் அவர் வீட்டுக் கதவுலயே ஒண்ணு ஒட்டிட்டாங்க. அவர் எழுதினதுதான். என்னன்னு தெரியாம ராத்திரியோட ராத்திரியா பிள்ளை குட்டியைத் தூக்கிட்டு ஊரை விட்டே ஓடிட்டார்."

"எனக்கு எதுக்குங்க மூணாம் தடிமன் போட்டீங்க? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பா? தப்புக்கும் தடிமனுக்கும் என்ன சம்பந்தம்? சேதி நீளமா இருந்தா மெலிசா போடுவோம். சின்னதா இருந்தா தாள் காலியா தெரியும், அரசாங்கத்துக்கு அசிங்கம். அதனால தாள் ரொம்புற வரைக்கும் தடிமனை ஏத்துவோம். உங்களுது ரொம்பச் சின்ன சேதி போல."

முனை சீவும் பிரிவில் அடுத்த முத்திரை விழுந்தபோது கண்ணாடிக்காரரின் மணிக்கட்டில் ஏதோ மளுக்கென்றது.

நாலாவது சன்னலில் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். எழுத்தில் கோளாறு என்று தெருவில் கத்திய ஆள் இவன்தான் என்று, கழுத்தைப் பிடித்து இயக்குநர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இயக்குநரின் நாற்காலி உயரமாக இருந்தது. அவர் தட்டில் வெட்டி வைத்த பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். மேஜைமேல் அந்த அறிவிப்பின் படி ஒன்று கிடந்தது.

"நீதானா அது? உன் கடையில ஒட்டினதை நானே படிச்சேன். அருமையான அறிவிப்பு."

"என்னங்கய்யா போட்டிருக்கு?"

"மூணாம் தடிமன்."

"அது தெரியுதுங்கய்யா. சேதி என்னங்கய்யா?"

"அதான்யா சேதி!" இயக்குநர் சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். "முன்னெல்லாம் ஜனங்க அறிவிப்பைப் படிச்சாங்க. படிச்சா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா மனு வரும். மனு வந்தா நாங்க படிக்கணும். எவ்வளவு பேருக்கு எவ்வளவு சிரமம்! இப்ப நீங்களும் படிக்கிறதில்ல, நாங்களும் படிக்கிறதில்ல. மூணு வருஷத்துல ஒரு கேள்வி வந்திருக்கா? ஊர் எவ்வளவு..."

கீழே உதைக்கும் பிரிவிலிருந்து யாரோ நீளமாக ஓலமிட்டார்கள். இயக்குநர் விரலை உயர்த்தி, அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"...அமைதியா இருக்கு பாரு."

கண்ணாடிக்காரர் பாரு என்றதும் பார்த்தார். அவர் பார்த்தது இயக்குநரின் கண்ணை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்; படிக்கிறவன் கண் வரியில் தத்தித் தத்திப் போகும் என்பது அவருக்குத் தெரியும். இயக்குநர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி "அருமை" என்றபோது அவர் கண் தாளின் நடுவிலேயே அசையாமல் நின்றது. அட பாவி, இவனுக்கும் தெரியாது! கண்ணாடிக்காரருக்கு வந்த கோபத்தில் கை வலி மறந்தே போயிற்று. வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து முதுகில் மிதித்து வெளியே தள்ளிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டபடியே கேட்டாள்.

"உருண்டை எழுத்தை உடைச்சு, முனை வெச்சுத்தானே இதைச் செஞ்சாங்க?"

"ஆமா."

"கண்ணாடிச் சில்லோட முனையைத் தேய்ச்சுத் தேய்ச்சு வட்டமாக்குறதுதானே உங்க பொழப்பே? இதையும் தேய்ச்சுப் பாருங்களேன்."

அவர் அவளையே பார்த்தார். சட்டென்று எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அறிவிப்பின் மேல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்து எடுத்தார்கள். அவள் கத்தரிப்பாள், அவர் நல்ல கையால் அரத்தைப் பிடித்து முனையைத் தேய்ப்பார். எது வேண்டாத கட்டை, எது எழுத்தின் எலும்பு என்று முதலில் பிடிபடவில்லை. முதல் நாள் முழுக்கப் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் ஓர் எழுத்து நெளிந்து, வளைந்து, பழைய முகத்தைக் காட்டியது. ஒன்று பிடிபட்டதும் மற்றவை பின்னாலேயே வந்தன. எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்து இருவரும் குனிந்து படித்தார்கள்.

"இக்கட்டடம் உறுதியானது. நாற்பது ஆண்டு நிற்கும்."

போன மாதம் யாரோ ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆய்வுச் சான்று! சின்ன சேதி, அதனால் மூன்றாம் தடிமன். மனைவி அழுதாள், சிரித்தாள், அவருடைய தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் தெருவில் இறங்கி நடந்தார். எங்கும் இரண்டு நிமிஷம் நிற்கவில்லை, நடந்தபடியே படித்தார். தன்னை அறைந்த பலகை: 'முதியவர்கள் இங்கே அமர்ந்து இளைப்பாறலாம்.' இறைச்சிக் கடைக்காரன் கையை முறித்த பலகை: 'புதிய குறுக்கு வழி. அனைவரும் பயன்படுத்துக.' பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில், இடையில் ஒரு பல் விழுந்த வாய் மாதிரி, ஆளுயர இரும்பில்: 'எந்நேரமும் திறந்திருக்கும்.' உள்ளே ஒரு நோயாளிகூட இல்லை. வெளியே, தெருக்கோடியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அந்த வாசலைப் பயத்தோடு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் அவளை எழுப்பி, கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்ற உதவியாளன் இருவரையும் விரட்டி விரட்டி அடித்தான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நாற்பது பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மைத்துனன் கடைசி வரிசையில் ஒளிந்து நின்றான். கண்ணாடிக்காரர் தேய்த்த எழுத்துகளை ஒரு பலகையில் ஒட்டி வைத்திருந்தார். அதை உயர்த்திப் பிடித்து உரக்கப் படித்தார். குழுத் தலைவனுக்குக் குழப்பம் வந்து இயக்குநருக்குச் சொல்லி அனுப்பினான். ஜீப்பில் வந்து இறங்கிய இயக்குநர் அந்த உருண்டை எழுத்துகளை விரல் நுனியால் தொட்டுவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கூடியிருந்த தெருவைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க. ஷட்டர்ல இருக்கிற இந்த எழுத்தைப் பாருங்க. இது 'நல்லா இரு'ன்னு சொல்ற மூஞ்சியா?"

"இல்லீங்கய்யா!" என்றது கூட்டம். உடைந்த கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்த இறைச்சிக் கடைக்காரன்தான் எல்லோரையும்விட சத்தமாகச் சொன்னான்.

"எனக்கும் படிக்கத் தெரியும்யா!" என்று மனைவி முன்னால் வந்தாள். ஷட்டரில் ஒட்டியிருந்ததை விரல் வைத்துப் படித்தாள். விட்டாளா? இயக்குநரின் ஜீப் கதவில் கருமுள்ளில் எழுதியிருந்ததையும் சேர்த்துப் படித்தாள். "'கழுவுவதற்கு அனுப்பவும்'னு போட்டிருக்கு!"

கூட்டத்தில் எவனோ களுக்கென்று சிரித்துவிட்டான். இயக்குநரின் காது சிவந்தது. மைத்துனனைக் கூப்பிட்டு, "வாயிலேயே போடு," என்றார்.

"அக்காங்கய்யா..."

"அப்படின்னா ரெண்டு போடு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். உதடு கிழிந்து, ஒரு பல் தெருவில் விழுந்து உருண்டது. கண்ணாடிக்காரர் பாய்ந்தார். நாலு பேர் அவரைக் கீழே தள்ளி விலாவில் மாறி மாறி உதைத்தார்கள். மைத்துனன் இரண்டாவது அடியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் போய் வாந்தி எடுத்தான்.

பிறகு இடிக்க ஆரம்பித்தார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மி நகர்ந்திருக்கும், இந்தச் சுவர் நகரவில்லை. பத்து மணிக்குள் ஏழு கடப்பாரை வளைந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு ஒருவன் தன் காலிலேயே போட்டுக்கொண்டான். எகிறிய கல் ஒன்று குழுத் தலைவனின் தாடையைப் பெயர்த்தது. கடைசியில் ஒரு லாரியைக் கொண்டுவந்து, பின்பக்கமாக ஓட்டி, ஒன்பது தடவை மோதினார்கள். நாலரை மணிக்குத்தான் கடை விழுந்தது. லாரியும் அதோடு போயிற்று. துறையின் மூன்று வருஷச் சரித்திரத்தில் ஓர் அறிவிப்பு சொன்ன விஷயம் உண்மையென்று நிரூபணமானது அன்றைக்குத்தான்.

புழுதி அடங்கும் முன்னே கணவனையும் மனைவியையும் இழுத்துக்கொண்டு போய் இயக்குநர் முன்னால் நிறுத்தினார்கள். அவர் பதற்றத்தில் இருந்தார். ஒருத்தன் படித்தால் பைத்தியம் என்று சொல்லிவிடலாம். இரண்டு பேர் படித்தால்? நாளைக்குத் தெருவே படிக்கும்.

"இந்தம்மா கருமுள்ளைப் படிச்சேன்னு பொது இடத்துல சொல்லியிருக்கு. அது பொய்னா ஐம்பது அடி. இந்த உடம்பு பத்து தாங்காது," என்றார். "இல்ல, கண்ணு நொள்ளை, அதனால தாறுமாறா என்னமோ தெரிஞ்சிருக்குன்னா, பாவம், மன்னிச்சு விட்டுடலாம். நீதானே கண்ணாடிக்காரன்? உன் பொண்டாட்டி கண்ணு நொள்ளைன்னு உன் கையாலயே எழுதிக் குடு. ஊரே நம்பும். கருமுள்ளுலயே எழுது, பெருசா எழுது. என் நாற்காலிக்கு மேல மாட்டி வைக்கப் போறேன். இனிமே படிச்சேன்னு எவன் வந்தாலும் அதைத்தான் காட்டுவேன்."

மனைவி வாயைத் துணியால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். 'எழுதாதே' என்று சொல்கிறாளா, 'எழுதித் தொலை' என்று சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல கண்ணை நொள்ளை என்று ஒருநாளும் சொல்லாத மனுஷன். கடை போயிற்று. இது ஒன்றுதான் கையில் மிச்சம் இருந்தது. இதையும் விட்டால்தான் அவள் உயிரோடு வீட்டுக்கு வருவாள். வீடும் இல்லை, தெருவுக்கு வருவாள்.

தடிமனான தாளும், தட்டை முனைப் பேனாவும், ஒரு புட்டி மையும் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணாடிக்காரர் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நல்ல கையால் பேனாவை எடுத்தார். எந்த வளைவை எங்கே உடைக்க வேண்டும், எந்த முனையை எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்கு இப்போது அத்துப்படி. ஒரு மணி நேரம் எழுதினார். எழுதி முடித்து ஊதிக் காயவைத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

இயக்குநர் வாங்கித் தூக்கிப் பிடித்தார். சுற்றிலும் ஊழியர்கள் நின்றார்கள். அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கண் தாளின் நடுவில் நின்றது.

"சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றார். "ஒரு சொல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மேற்படி உண்மைன்னு நானும் கையெழுத்துப் போடுறேன்."

போட்டார். முத்திரையும் குத்தினார்கள். அங்கேயே சட்டம் போட்டு, ஏணி வைத்து ஏறி, நாற்காலிக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார்கள். இயக்குநர் அதன் கீழே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மனைவி ஒரு கண் வீங்கிய முகத்தோடு அண்ணாந்து பார்த்தாள். இந்த ஒரு வாரத்தில் அவளுக்குப் பழகிவிட்டது. வாய்க்குள் முனகியபடி எழுத்து எழுத்தாகப் படித்தாள். 'இவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கீழே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் படிக்கத் தெரியாது.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் மறுபடி கசிய, விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள்.

இயக்குநர் அவளைப் பார்த்தார். தலைக்கு மேலே திரும்பிச் சட்டத்தைப் பார்த்தார்.

"எதுக்குய்யா சிரிக்குது?"

"அதான் எழுதிக் குடுத்துட்டேனேங்கய்யா," என்றார் கண்ணாடிக்காரர். "அதுலயே இருக்கு, பாருங்க."